நாற்காலியில் இருப்பவர் வீட்டுக்கு யார் பேசுவது?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கட்டிடத்தில் 12 வீடு. ஜனவரியில் ஒரு வீடு, ஜூலையில் அடுத்த வீடு என்று பொறுப்பு மாறும். மோட்டார் ரூம் சாவி, மெயின்டனன்ஸ் நோட்டு, தண்ணி லாரிக்குச் சொல்வது எல்லாம் அந்த வீட்டுக்காரர் தலையில்.

இந்த ஜனவரியில் சாவி என் கைக்கு வந்தது. முதல் கூட்டத்திலேயே, மொட்டை மாடி ஒழுகுது, எல்லா வீடும் பங்கு போட்டுத் தளம் போடணும் என்றேன். ஒழுகுவது எங்கள் படுக்கையறையில்தான். தரைத்தள அக்கா எழுந்தார். "கேக்கறதும் நீ, முடிவு சொல்றதும் நீயாம்மா?" பதில் வரவில்லை எனக்கு. அவர் கேட்டது நியாயம்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் மகளிடம் அன்று ராத்திரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே ஜனவரி, ஜூலைக் கணக்குதான் என்றாள். அங்கே அமைச்சர்கள் கூடும் கவுன்சிலுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு நாடு தலைமை. 27 நாடு, ஒரு சுற்று வர 13½ வருஷம். எட்டு கோடி பேருக்கு மேல் இருக்கிற ஜெர்மனிக்கும் ஆறு மாசம்தான், ஐந்து லட்சம் சொச்சம் பேர் இருக்கிற மால்டாவுக்கும் ஆறு மாசம்தான். வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் மட்டும் இந்தச் சுற்றில் வராது, அதற்குத் தனி ஆள். நாட்டுத் தலைவர்கள் கூடும் சபைக்கும் இரண்டரை வருஷத்துக்குத் தனியாக ஒரு தலைவர்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு விஷயம். தலைமை நாட்டின் அமைச்சர் நடுவில் உட்கார்ந்து கூட்டத்தை நடத்துவார். அவர் நாட்டுக்கு என்ன வேண்டும் என்று பேச, அதே நாட்டிலிருந்து இன்னொருவர் தனி இருக்கையில் இருப்பார். நடத்துகிற வாய் வேறு, கேட்கிற வாய் வேறு.

அடுத்தடுத்த மூன்று நாடுகள் கூடி 18 மாசத்துக்கு ஒரே திட்டம் போட்டுக்கொள்வதும் உண்டாம். எங்களுக்கு நோட்டு கைமாறும்போது பாதி கணக்கு விட்டுப்போகிறது. முன் வீடும் பின் வீடும் சேர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவோ தேவலை.

மார்ச் கூட்டத்தில் நோட்டோடு நான் நடுவில். எங்கள் வீட்டுக்காக மாமியார் பேசினார். ஈரம் ஏறிய தலையணை உறையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முதலில் அதைத் தொட்டுப் பார்த்தது தரைத்தள அக்காதான். ரெண்டு தவணையாகப் பங்கு என்று முடிவானது. நோட்டில் எழுதி, முதல் கையெழுத்தை அவரிடமே வாங்கினேன்.