பேப்ரிக் செலக்ஷன் கேள்விக்கு மார்க் வாங்கணுமா? சி.டி.எஃப் ஜூனியர்ஸ் படிங்க

காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் (சி.டி.எஃப்) படிக்கிற ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்குறது இதுதான், "அக்கா, துணி செலக்ட் பண்றப்போ பாக்க வேண்டிய ஃபேக்டர்ஸ் எல்லாம் எழுதியும் மார்க் வர மாட்டேங்குது". தியரியிலயும் வரும், வைவாவுலயும் (வாய்மொழி தேர்வு) சுத்தி சுத்தி இதத்தான் கேப்பாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

எல்லாரும் எழுதுறது ஒரே மாதிரி. வயசு, கிளைமேட், விசேஷம், விலை, கலர், டியூரபிலிட்டி, கேர்னு தலைப்பு போட்டு அடியில ரெண்டு ரெண்டு வரி. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா திருத்துறவங்க அதையே ஒரு கட்டு பேப்பர்ல படிச்சிட்டு வர்றாங்க. அதுக்கு பதிலா முதல்லயே ஒரு டிரெஸ்ஸ எடுத்துக்கோங்க, யாரு போடப்போறா, எங்க, எத்தன தடவ தொவைப்பாங்கன்னு எழுதிட்டு, ரெண்டு துணிய பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒண்ண ஏன் வேண்டாம்னு தள்ளுனீங்கன்னு எழுதுங்க. அந்த "ஏன் வேண்டாம்"லதான் உங்களுக்கு விஷயம் தெரியுமான்னு வெளிய வரும்.

உதாரணத்துக்கு ரெண்டு வயசு குழந்தைக்கு வெயில் காலத்து ஃபிராக். காட்டனா, மரக்கூழ்ல இருந்து செய்யுற விஸ்கோஸ் ரேயானா? விஸ்கோஸ் நல்லா சாஃப்டா இருக்கும், அழகா விழும், மாய்ஸ்சர் ரீகெய்னும் (காத்துல இருக்கிற ஈரத்த ஃபைபர் எவ்வளவு இழுத்து வெச்சுக்கும்ங்கிற அளவு) காட்டனோட 8.5 சதவீதத்த விட ஜாஸ்தி, 11ல இருந்து 13 வரைக்கும் போகும். பேப்பர்ல பாத்தா விஸ்கோஸ்தான் ஜெயிக்கணும். ஆனா குழந்தை டிரெஸ் தினமும் தொவைக்கிறது, விஸ்கோஸ் நனைஞ்சா பலம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடும், காட்டன் நனைஞ்சா இன்னும் ஸ்ட்ராங் ஆகும். அதனால காட்டன், அதுலயும் கேம்ப்ரிக் மாதிரி மெலிசா. இத எழுதுனீங்கன்னா வயசு, கிளைமேட், கேர், டியூரபிலிட்டி நாலும் அதுக்குள்ளயே வந்துடுச்சு, தனித்தனியா தலைப்பே வேண்டாம்.

இன்னொண்ணு, வேர்வைன்னாலே காட்டன்னு எழுதாதீங்க. ஓட்டப்பந்தயக்காரருக்கு ஜெர்சின்னா பாலியஸ்டர்தான், அதோட ரீகெய்ன் வெறும் 0.4 சதவீதம், தண்ணிய உள்ள இழுக்காது, ஆனா அதுக்குன்னு டிசைன் பண்ணுன நிட் (பின்னல்) துணியா இருந்தா வேர்வைய வெளிப்பக்கம் கடத்தி சீக்கிரம் காஞ்சிடும். காட்டன் பனியன் வேர்வைய குடிச்சிட்டு கனமா உடம்புலயே ஒட்டிட்டு இருக்கும். ஃபைபர் மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது, துணிய எப்படி கட்டியிருக்காங்கன்னும் பாக்கணும்னு சொல்ல இத விட நல்ல எக்ஸாம்பிள் எனக்கு தெரியல. ஸ்கூல் யூனிஃபார்ம் கேட்டா பாலியஸ்டர் காட்டன் பிளெண்ட், 65க்கு 35னு எழுதலாம், கசங்கக்கூடாது, வருஷம் பூரா தாங்கணும், பையன் வேர்த்து ஊத்தவும் கூடாது, மூணுக்கும் நடுவுல ஒரு பஞ்சாயத்து அது.

ஜிஎஸ்எம், கவுண்ட் ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கிறது, கவுண்ட்னா நூல் எவ்வளவு மெலிசுன்னு சொல்ற நம்பர். ஜிஎஸ்எம் ஏறுனா துணி கனம், காட்டன் கவுண்ட் ஏறுனா நூல் மெலிசு, அதாவது 40 கவுண்ட விட 80 கவுண்ட் ஃபைன். திருப்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், டீ ஷர்ட்டுக்கு போடுற சிங்கிள் ஜெர்சி நிட் துணின்னா 160, 180 ஜிஎஸ்எம் வாயிலயே வரும். எடை பாக்க துணிய வெட்டுற ஜிஎஸ்எம் கட்டரோட வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், அதாவது சதுர மீட்டர்ல நூறுல ஒரு பங்கு, அதான் கிராம்ல வர்ற எடைய 100ஆல பெருக்குறோம், இந்த காரணத்த நிறைய பேர் சொல்லாம விட்டுடறாங்க.

விலைன்னு வந்தா மீட்டர் ரேட்டோட நிறுத்திடாதீங்க. 36 இஞ்ச் அகலத்துல சீப்பா தெரியுற துணி 58 இஞ்ச் துணிய விட கடைசில காஸ்ட்லியா முடியலாம். கட்டம் போட்ட துணில கட்டத்த மேட்ச் பண்ணணும்னா துணி எக்ஸ்ட்ரா, வெல்வெட்னா எல்லா பீஸும் ஒரே திசையில வெட்டணும், அதுக்கும் எக்ஸ்ட்ரா.

வைவாவுக்கு ஸ்வாட்ச் (சாம்பிள் துணித்துண்டு) சேக்குறவங்க ஆன்லைன் போட்டோவ நம்பாதீங்க, ஈரோடு ஜவுளி சந்தைக்கோ திருப்பூர் காதர்பேட்டைக்கோ போனா கட் பீஸ் கம்மி விலைல கிடைக்கும், கசக்கி பாருங்க, வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, கிராஸ்ல (மூலைவாட்டுல) இழுத்து பாருங்க.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு துண்ட கையில குடுத்து என்னன்னு கேட்டா டக்குனு பேர சொல்லாதீங்க. எரிச்சு பாத்தா பாலியஸ்டர் உருகி கெட்டி மணியாகும், பட்டு முடி கருகுன நாத்தம் அடிக்கும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா காட்டனும் விஸ்கோஸும் ரெண்டுமே பேப்பர் மாதிரிதான் எரியும், அங்கதான் மாட்டுவீங்க. அப்போ ஒரு நூல உருவி நடுவுல நனைச்சு ரெண்டு பக்கமும் இழுங்க, நனைஞ்ச இடத்துலயே அறுந்தா விஸ்கோஸ், காஞ்ச இடத்துல அறுந்தா காட்டன். அடுத்த கேள்வி பெரும்பாலும் "சரி, இதுல என்ன தைப்பே, என்ன ஊசி போடுவே?"ன்னுதான் வரும், மெலிசு துணிக்கு 9 இல்லன்னா 11ஆம் சைஸ் ஊசி, டெனிமுக்கு 16, நிட்டுக்கு பால் பாயிண்ட் (முனை உருண்டையா இருக்கிற ஊசி)னு ரெடியா வெச்சுக்கோங்க.