ஜிஆர்இ வரலாற்றுப் பத்தியும் ஒரு தவறான ஆன்சர் கீயும்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குக் கேட்கும் ஜிஆர்இ தேர்வை எழுதி முடித்துவிட்டேன். பதிவு, பாஸ்போர்ட், தேர்வு மையம் எல்லாம் சிக்கலில்லாமல் போனது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறதோ அதே எழுத்துகளில் பதிவு செய்யுங்கள், அது போதும். கணக்குப் பகுதியும் இன்ஜினியரிங் படித்தவர்களுக்குப் பெரிய பாரமில்லை. என்னைப் படுத்தியது ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் வரும் ஒரு வகைக் கேள்வி: சின்னதாக ஒரு வரலாற்றுப் பத்தி, அதன் முதன்மை நோக்கம் என்ன என்று கேட்டு ஐந்து ஆப்ஷன். அதைவிட அதிகம் படுத்தியது, அதைச் சொல்லித்தருவதாகப் பணம் வாங்கிய கோச்சிங் சென்டர்.

அங்கே தந்த சூத்திரம் ஒன்றுதான். முதல் வரியைப் படி, கடைசி வரியைப் படி, நடுவைத் தாண்டிப் போ. நேரம் மிச்சமாகும் என்றார்கள். வரலாற்றுப் பத்திக்கு இதைப்போல ஆபத்தான யோசனை வேறில்லை. இந்தப் பத்திகளில் பல, நெடுநாளாக எல்லோரும் நம்பிவந்த ஒரு கருத்தோடுதான் தொடங்கும். எழுதுகிறவர் அதை நடுவில் மறுப்பார். கடைசி வரி பெரும்பாலும் ஒரு சான்றாகவோ உபரித் தகவலாகவோ நின்றுவிடும். நடுவைத் தாண்டினால் அவர் எதற்காக எழுதினார் என்பதையே தாண்டிவிட்டோம்.

சென்டர் வைத்த மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், வந்த ஒரு பத்தியைச் சொல்கிறேன். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது, அதற்கடுத்த ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள் என்று ஆரம்பம். அப்புறம் 'ஆனாலும்' என்று திருப்பும் ஒரு 'ஹவ்எவர்'. அதே ஆண்டுகளில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. சிறு குத்தகைக்காரர்கள் விளைந்த தானியத்தை விற்றுக் குத்தகைப் பணம் கட்டிவிட்டு, துண்டு நிலத்தில் போட்ட உருளைக்கிழங்கைத் தின்றுதான் உயிர் வாழ்ந்தார்கள். ஆகவே நோயை மட்டும் காரணமாகச் சொன்னால் பஞ்சம் விளங்காது என்கிறது பத்தி. கடைசி வரியில், அவர்கள் அதிகம் பயிரிட்ட 'லம்பர்' என்ற ரகம் நோய்க்கு எளிதில் இரையாகும் ரகம் என்று ஒரு தகவல்.

முதல் வரியில் நோய், கடைசி வரியில் நோய். சூத்திரத்தின்படி விடை, "பயிர் நோய் ஏற்படுத்திய அழிவை விவரிப்பது". சென்டர் தந்த விடைப்பட்டியலான ஆன்சர் கீயிலும் அதுவே. நான் குறித்திருந்தது மூன்றாவது ஆப்ஷன்: "பஞ்சத்துக்கு நோய் மட்டுமே காரணம் என்ற கருத்தைக் கேள்விக்கு உட்படுத்துவது". தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"கீல அப்படித்தாம்மா இருக்கு."

"சார், 'ஹவ்எவர்'க்கு அப்புறம் கடைசி வரியைத் தவிர எதுவும் நோயோட அழிவைப் பத்திப் பேசலையே?"

"இவ்வளவு யோசிச்சா டைம் பத்தாதும்மா. ஞாயித்துக்கிழமை டவுட் கிளாஸ் இருக்கு, அங்க வா."

ஞாயிறு காலை செங்கல்பட்டிலிருந்து மின்ரயில் பிடித்துப் போனால் சென்டரே பூட்டிக் கிடந்தது. போன் செய்தால், கிளாஸ் ரத்து என்று குரூப்பில் போட்டிருக்கிறோமே என்றார்கள். நான் ரயிலில் இருக்கும்போது போட்டிருக்கிறார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். விதிமுறையில் இடமில்லையாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு நானே படித்தேன். தேர்வு நடத்துகிறவர்களே பவர்பிரெப் என்று இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். முதலில் அதை எழுதுங்கள். ஆன்சர் கீ சரியா என்ற சந்தேகமே அங்கே எழாது.

எனக்குக் கைகொடுத்த வழி இது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், அது என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, அங்கே அதற்கு என்ன வேலை என்று ரஃப் தாளில் ஒற்றைச் சொல்லில் எழுதினேன். 'பழைய கருத்து', 'மறுப்பு', 'சான்று', 'உபரி' என்று தமிழிலேயே. ஆண்டுகளையும் பெயர்களையும் குறிக்கவே இல்லை. அவை கண்ணை இழுக்கும், நோக்கத்தைக் காட்டாது. பிறகு ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, "இவர் இதை எதற்கு எழுதினார்?" என்பதற்கு ஒரு வரி பதில் சொல்லிப் பார்ப்பேன். அப்புறம்தான் கையை எடுப்பேன். ஆப்ஷனின் வினைச்சொல்லை முதலில் பாருங்கள். பத்தி ஒரு கருத்தை மறுக்கும்போது 'விவரிப்பது', 'பட்டியலிடுவது' என்று தொடங்கும் ஆப்ஷன்கள் அங்கேயே விழுந்துவிடும். மிச்சமிருப்பதில் ஒரே வாக்கியத்தை மட்டும் தொடுவதை அடித்துவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கும், அதனால்தான் ஏமாற்றும்.

வரலாறு ஓரளவு தெரிந்தவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. தோழி கொடுத்த தாள்களில் 1876-78 சென்னை மாகாணப் பஞ்சம் பற்றி ஒரு பத்தி வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம்தான். நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் கூலியைக் குறைத்தார். உழைக்கிற உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். படிக்கும்போதே வயிறு எரிந்தது. "டெம்பிளின் கொள்கையைக் கண்டிப்பது" என்ற ஆப்ஷனுக்குத்தான் மனசு போகும். ஆனால் அந்தப் பத்தி கண்டிக்கவில்லை. இவர் வாதம் இது, அவர் வாதம் இது என்று வைத்துவிட்டு நின்றுவிட்டது. "ஒரு கருத்து வேறுபாட்டின் இரு தரப்பையும் முன்வைப்பது" என்பதைக் குறித்தேன். சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி பிடிபட்டுவிட்டது என்ற தைரியம் வந்தது. நம் கோபம் எவ்வளவு நியாயமானாலும் அதை எழுதியவர் தலையில் ஏற்றக்கூடாது.

நேரக் கணக்கும் சென்டரில் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. வெர்பல் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 23 நிமிடம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வருகிறது. வெற்றிடம் நிரப்பும் கேள்விகளைச் சட்டென்று முடித்தால் பத்திகளுக்கு நிறையவே மிஞ்சும். பத்தியை 'மார்க்' செய்துவிட்டு அதே பகுதிக்குள் திரும்பி வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

தேர்வில் வந்த பத்திகளை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதனால் சொல்லவில்லை. முடிந்தவுடன் திரையில் வெர்பல் 170-க்கு 159 என்று காட்டியது. சென்டரின் மாக் டெஸ்ட்களில் நான் 150-ஐத் தாண்டியதே இல்லை.

எங்கேயாவது சேரப்போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய ஆன்சர் கீயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மற்ற நான்கு ஆப்ஷனும் ஏன் தவறு என்று எழுதியிருந்தால் சேருங்கள். சரியான ஆப்ஷனின் எழுத்து மட்டும் இருந்தால் வேண்டாம். அடுத்த பேட்சில் சேர்ந்த ஜூனியர் நேற்று அதே அயர்லாந்துத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீயை இன்னும் திருத்தவில்லை. அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால், மூன்றாவது ஆப்ஷன்தான் சரி.