டெஃப்ளான் தூளும் ஒரு ஆரஞ்சுச் சாயமும்

பிப்ரவரி 3

எஃப்இபி தூள் வந்துவிட்டது. டெஃப்ளானுக்குப் பங்காளி, எதனோடும் ஒட்டாது, எதனோடும் வினைபுரியாது என்று பேரெடுத்த பொருள். அதைப் போய், தண்ணீரில் கரைந்த சாயத்தைச் சிதைக்கும் வினையூக்கியாகப் போடப் போகிறேன். தண்ணீரில் தூவினால் நனைய மறுத்து மேலேயே மிதக்கிறது. காந்தக் கலக்கியில் இரவு முழுக்கச் சுற்றவிட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 5

40 கிலோஹெர்ட்ஸ் மீயொலித் தொட்டியில், தூள் கலந்த மெத்தில் ஆரஞ்சுச் சாயக் கரைசலை வைத்தேன். மெல்ல வெளுத்தது.

மீயொலியில் குமிழ்கள் உருவாகி உடைய உடைய, தண்ணீர் தூளைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தொடும்போது தண்ணீரின் எலெக்ட்ரான் ஃப்ளூரின் செறிந்த பரப்புக்குத் தாவுகிறது. எலெக்ட்ரானைப் பறிகொடுத்த தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கிறது; ஜோடியில்லா எலெக்ட்ரானோடு அலையும், சாயத்தைத் தாக்கிச் சிதைக்கும் துண்டு அது. பரப்பில் ஏறிய எலெக்ட்ரானைக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடு என்ற இன்னொரு ராடிக்கல் ஆகிறது. பரப்பு பழையபடி காலி, அடுத்த தொடுகைக்குத் தயார். தொடுகையில் மின்னேறுவதை ஆராயும் ஜொங் லின் வாங்கின் குழு 2022-ல் சொன்ன கதை இதுதான்.

பிப்ரவரி 6

கதை அழகாக இருப்பதே எனக்கு உறுத்தல். தூளே இல்லாவிட்டாலும் மீயொலி தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சிலைத் தரும். போதாக்குறைக்கு, காற்று கரைந்த தண்ணீரில் அது நைட்ரிக் அமிலத்தையும் உண்டாக்கும். பிஎச் 4-க்குக் கீழே இறங்கினால் மெத்தில் ஆரஞ்சு சிவந்து, 464 நானோமீட்டரில் இருந்த ஒளி உறிஞ்சும் உச்சி நகர்ந்துவிடும். அந்த அலைநீளத்தை மட்டும் பார்ப்பவர் சாயம் சிதைந்தது என்றே எழுதுவார். ஆகவே முழு நிறமாலை, பிஎச், தூளில்லாத ஜோடிக் குடுவை, மூன்றும் கட்டாயம். தொட்டி சூடாகிறது, ஐஸ் போட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 11

ஜோடிக் குடுவையும் வெளுத்தது, ஆனால் ரொம்ப மெதுவாக. அப்பாடா.

பிப்ரவரி 14

வினையைச் செய்வது நிஜமாகவே தாவும் எலெக்ட்ரான்தானா என்று, கூட வேலை செய்யும் நண்பரோடு மதியம் முழுக்க வாக்குவாதம். 2008-ல் மின்வேதியியலாளர்கள் லியூவும் ஆலன் பார்டும் டெஃப்ளானை அக்ரிலிக்கில் தேய்த்துக் கரைசலில் முக்கி, உலோக அயனிகளை உலோகமாகவே படியவைத்தார்கள். எலெக்ட்ரான் தாவாமல் அது எப்படி நடக்கும் என்பது என் கட்சி. தேய்க்கும்போது பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியே அறுந்து ராடிக்கல்கள் உண்டாகுமே, வினை அவற்றின் வேலையாக இருக்கலாமே என்பது அவர் கட்சி. லேசில் தள்ளிவிட முடியாத வாதம். சங்கிலிதான் அறுகிறதென்றால் தூள் தேய வேண்டும். கழுவி உலர்த்தி, அதே தூளைத் திரும்பத் திரும்பப் போட்டு, வேகம் விழுகிறதா பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 19

நைட்ரஜன் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்டினேன், வேகம் குறைந்தது. ஆக்சிஜன் செலுத்தியதும் ஏறியது. எலெக்ட்ரானை வாங்க ஆளில்லாவிட்டால் பரப்பு நிரம்பி, அடுத்த தாவல் தடைபடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எப்படியோ, வாயுக் குழாயைத் திருகி வினையைக் கூட்டிக் குறைக்க முடிகிறது. இந்த வேலையில் எனக்கு ஆசை காட்டுவது அதுதான். நண்பர் ஹைட்ராக்சிலைப் பிடித்துவைக்கும் டெர்ட்-பியூட்டனாலோடு இன்னொரு சுற்று கேட்கிறார். சரி, திங்கட்கிழமை.