ஹானர்ஸ் வாய்மொழித் தேர்வு: "வேறெது ஒளிர வைக்கும்?"

ரிசல்ட் வந்துவிட்டது, தேறிவிட்டேன். படபடப்பு அடங்குமுன் எழுதிவிடுகிறேன். அடுத்த வருடம் டர்பனில் இதே பாதையில் வரும் தம்பி தங்கைகளுக்கு, குறிப்பாக உயிருள்ள செல்லில் சமிக்ஞை வாயுக்களை (செல்கள் செய்தி அனுப்பத் தாமே உருவாக்கும் நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு) ஒளிர்ந்து காட்டும் புரோப் மூலக்கூறுகளைத் தலைப்பாக எடுத்தவர்களுக்கு இது.

ஆய்வறிக்கையை எப்படியும் முடித்துவிடுவீர்கள். வாய்மொழித் தேர்வுதான் ஆளை நிறுத்தும். என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒன்றுதான்: பச்சையாக ஒளிர்கிறது, சரி, அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

நைட்ரிக் ஆக்சைடுக்கான புரோப் டிஏஎஃப்-2 அந்த வாயுவோடு நேரே வினைபுரிவதில்லை. அந்த வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து டைநைட்ரஜன் ட்ரைஆக்சைடு ஆன பிறகே புரோபின் இரண்டு அமீன் தொகுதிகளும் ட்ரையசோல் என்ற வளையமாக மூடுகின்றன. 515 நானோமீட்டர் பச்சை ஒளி அப்போதுதான். ஆக்சிஜன் குறைந்த செல்லில் வாயு இருந்தும் ஒளி மங்கலாம். வைட்டமின் சி ஆக்சிஜனேற்றமடைந்து வரும் டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமோ வாயு இல்லாமலே ஒளிர வைக்கலாம். இதைச் சொன்ன பிறகுதான் வெளித்தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு முகம் பார்த்துப் பேசினார்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பக்கத்து வீட்டு அக்கா தினமும் என்னை உட்காரவைத்து, "சரிம்மா, வேறெது ஒளிர வைக்கும்?" என்று மட்டும் கேட்பார். அவர் கணக்கியல் படித்தவர். எனக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் மனதில் நிற்கும். நீங்களும் அப்படி ஒருவரைப் பிடியுங்கள். நோட்ஸை இன்னொரு முறை வாசிப்பதைவிட அது மேல்.

ஒளி அந்த வாயுவால்தான் என்று காட்டக் கையில் இருக்க வேண்டிய ஒப்பீடுகள்:

- புரோப் போடாத செல்லின் படம்.
- எல்-நேம் என்ற தடுப்பானைக் கொடுத்து, நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியை அடக்கிய செல்.
- வாயு தீர்ந்துபோன கொடையாளிக் (வாயுவை வெளியிடும் சேர்மம்) கரைசல்.
- ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு, 2011-இல் வேதியியலாளர் கிறிஸ்டோபர் சாங்கின் குழு தந்த எஸ்எஃப்-1 போன்ற அசைடு (மூன்று நைட்ரஜன் தொகுதி கொண்ட) புரோப் என்றால், மில்லிமோலார் அளவு குளூட்டாதயோனோடு (செல்லில் இயல்பாக உள்ள கந்தகச் சேர்மம்) ஒப்பீடு. செல்லில் குளூட்டாதயோன் அந்த அளவில் இருக்கிறது, சல்ஃபைடு மிகக் குறைவு. சல்ஃபைடு இல்லாமல் அதே ஒளியில் வைத்த தட்டும் வேண்டும். அசைடு ஒளியாலேயே உடையலாம்.
- கார்பன் மோனாக்சைடுக்கு, அதை வெளியிடும் சேர்மமான கோர்ம்-3 மட்டும் போதாது. நைட்ரோ தொகுதியை நம்பிய சில புரோப்கள் வாயுவை விட்டுவிட்டு கோர்ம்-3-க்கே ஒளிர்கின்றன. உண்மையான வாயுவைக் கரைத்தும் பாருங்கள்.

வினைவழியைக் கையால் வரைந்து பழகுங்கள். பலகையில் வரையச் சொன்னார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று: ஹைட்ரஜன் சல்ஃபைடின் பிகேஏ (எந்த பிஹெச்-இல் பாதி அயனியாகும் என்ற எண்) ஏறத்தாழ 7. பிஹெச் 7.4-இல் பெரும்பகுதி ஹைட்ரோசல்ஃபைடு அயனிதான். "வாயு" என்று நீங்கள் சொன்ன மறுநொடி இதைக் கேட்பார்கள்.