எழுதாமல் விட்ட ஊசி

"கொலஸ்ட்ரால் குளிகைய சாவுற வரைக்கும் திங்கணும்னு சொன்னிய. இந்த ஊசிக்கு மட்டும் ஏன் டாக்டரம்மா கணக்குப் பாக்கிய?" என்று அந்த அம்மா கேட்டார். நான் சொன்ன பதிலில் பிழை இருந்ததாக இன்றும் தோன்றவில்லை. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்ற ஐயம் மட்டும் என்னை விடுவதாக இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், பல்லாண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அண்டிப் பால் பட்டுக் கறுத்த விரல்நுனிகளால், ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகளை மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். ஒரு வேளைகூடத் தவறியிருக்கவில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை இல்லை, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 33, அதாவது உடல் பருமன். வளைகுடாவில் பெயிண்டிங் வேலை பார்க்கும் மகன், ரத்த அழுத்தக் கருவியின் மேல் சாய்த்து வைத்த கைபேசியிலிருந்து, எடையைக் குறைக்கும் செமாகுளூட்டைடு ஊசியை எழுதித் தரும்படி என்னிடம் மன்றாடினார்.

மருத்துவக் காரணத்தைச் சொல்லி என்னால் மறுத்திருக்க முடியாது. இந்த ஊசியைச் சோதித்து 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில் 17,604 பேர் பங்கேற்றார்கள். அனைவரும் இந்த அம்மாவைப் போலவே இதய, ரத்தநாள நோயும் அதிக எடையும் இருந்து, சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 8 சதவீதமாகவும், மருந்து பெற்றவர்களில் 6.5 சதவீதமாகவும் இருந்தன. சிபுட்ராமின் என்ற பழைய எடைக்குறைப்பு மருந்து இதய நோயாளிகளுக்கே கேடு செய்து 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, இது சிறிய செய்தி அல்ல.

ஆனால் 2025 ஜூனில் எடைக்குறைப்புக்கென இந்தியாவுக்கு வந்தபோது இந்த ஊசியின் மாதச் செலவு தொடக்க அளவிலேயே 17,000 ரூபாயைத் தாண்டியது. முழு அளவை எட்டும்போது ஏறத்தாழ 26,000. மகனின் ஒப்பந்தம் எப்போது முடியுமென்று அவருக்கே தெரியாது. நிறுத்தினால் குறைந்த எடையின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் திரும்பிவிடும்; எடையோடு கொஞ்சம் தசையும் கரையும். ஏற்கெனவே முட்டுவலியால் படியேறத் திணறும் பெண்ணுக்கு, தசை போய்க் கொழுப்பு மட்டும் திரும்பி வருவதை நான் எப்படி நல்லது என்பேன்? "இடையில் நிறுத்தும்படி ஆனால் பயனில்லை அம்மா. இப்போதைக்கு மரச்சீனிக் கிழங்கையும் சோற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள், நடங்கள், பார்ப்போம்" என்றேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் சொன்ன கொலஸ்ட்ரால் குளிகையான ஸ்டேட்டினையும் நிறுத்தினால் பலன் நின்றுவிடும். வாழ்நாள் முழுவதும் வேண்டியது என்பதால் அதை நான் யாருக்கும் எழுதாமல் இருந்ததில்லை. அது விலை மலிவு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும். அப்படியானால் நான் முன்வைத்த வேறுபாடு மருத்துவத்தில் இருந்ததா, விலையில் இருந்ததா? ஒரு மகன் தன் தாய்க்கு எவ்வளவு செலவிடலாம் என்று முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை? மறுபக்கம், நகையை அடகு வைத்து மருந்து வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்காமல் சீட்டு எழுதிக் கொடுப்பதை மரியாதை என்று அழைக்கவும் மனம் ஒப்பவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஊசியைத் தயாரிக்கும் நிறுவனமே விலையைக் கணிசமாகக் குறைத்தது. அதற்குச் சற்று முன் வெளிவந்த செலக்ட் தரவுகளின் மறுஆய்வோ, இதயத்துக்குக் கிடைத்த பலன் குறைந்த எடையின் அளவைப் பெரிதும் சார்ந்ததல்ல என்றது. எடை திரும்பிவிடும் என்பதையே முதன்மையான காரணமாகச் சொன்ன எனக்கு அது எளிதில் செரிக்கவில்லை. அந்த மகன் அனுப்பக்கூடிய ஆறு மாதப் பணத்துக்கு ஆறு மாதப் பாதுகாப்பாவது கிடைத்திருக்குமா என்றால், அவ்வளவு குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுத்து நிறுத்துவதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த முறை அவர் வரும்போது மகனையும் அழைப்பில் வைத்துக்கொண்டு புதிய விலையைச் சொல்வேன். வேண்டுமா என்று அவரிடமே கேட்பேன். அவர் வேண்டும் என்றால் எழுதிக் கொடுப்பேன் என்றே இன்று நினைக்கிறேன்.