நாலாம் நாள் காணாமல் போனவர்கள்

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கத்தில் ஒன்றிய ஒருங்கிணைப்பாளராக இருந்தேன் என்று சொன்னால், கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பாட்டி கையெழுத்துப் போட்ட கதையைத்தான் எல்லாரும் கேட்பார்கள். எனக்கு அதைவிட நினைவில் இருப்பது, பாடம் நடத்த வந்துவிட்டு நாலாம் நாள் காணாமல் போன தொண்டர்கள்.

கலைக்குழு வந்து நாடகம் போட்டுவிட்டுப் போன இரவில் பெயர் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகியிருந்தது. நம்மாலும் முடியும் என்று ஊருக்கு ஊர் ஒரு வேகம். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர், மூன்று புத்தகம், சுமார் 200 மணி நேரம் என்பது கணக்கு. சம்பளம் கிடையாது. வந்தவர்களில் பாதிப் பேர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள்.

மாதக் கூட்டத்தில் நான் ஒரு தப்புச் செய்துகொண்டிருந்தேன். வருகைக் கணக்கை எல்லார் முன்னாலும் வாசிப்பேன். "ஏன் ஆறு பேர்தான்? மத்தவங்க எங்கே?" என்று வாத்தியார் தொனியில் கேள்வி வேறு. கேட்டால் சுறுசுறுப்பு வரும் என்று நம்பினேன். வந்தது என்னவோ பொய்க்கணக்குதான். ஒரு புதுப் பெண் மூன்று வாரமும் பத்துக்குப் பத்து என்று எழுதியிருந்தாள். நம்பிக்கையில்லாமல் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு அவள் மையத்துக்குச் சொல்லாமல் போனேன்.

மாரியம்மன் கோயில் மண்டபம். அரிக்கேன் விளக்கின் சிம்னி கரி பிடித்துப் பாதி இருட்டு. அவளும் மூன்று பெண்களும். கல்லுடைத்துவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள். ஒருத்தி தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தொண்டருக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணே, நாளைக்கு எல்லாரையும் கூட்டியாந்துருவேன்ணே" என்றாள், அழுகிற மாதிரி. கையில் நோட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சிம்னியைக் கழற்றி, திருநீறு போட்டுப் பழைய துணியால் துடைத்தேன். திரியைக் கத்தரித்தோம். வெளிச்சம் வந்ததும் தூங்கியவள் எழுந்து, "இப்பத்தான் எழுத்தே தெரியுது தம்பி" என்றாள். வெளிச்சம் போதாமல் எழுத்துத் தெரியாததால்தான் பாதிப் பேர் வராமல் நின்றிருக்கிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. பயிற்சி முகாமில் எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மணிக்கணக்கில் பேசியிருந்தோம். விளக்குத் துடைப்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

அதன்பின் கணக்கு வாசிப்பதை விட்டேன். புதிதாக மையம் தொடங்கியவரிடம் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது போய் உட்காருவது என்று வைத்துக்கொண்டேன். ஆய்வுக்கு அல்ல, சும்மா உட்கார. முடியாத ஊருக்குப் பக்கத்து மையத்துப் பழைய தொண்டரை அனுப்பினேன். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, வீட்டில் அப்பா முறைக்கிறார், ஒரு பாட்டி "நீயா எனக்குச் சொல்லித் தரப்போறே?" என்று கேட்டுவிட்டாள்: இதெல்லாம் கூட்டத்தில் எழுந்து சொல்கிற விஷயமா? திண்ணையில் உட்கார்ந்தால்தான் வரும்.

பெண்களுக்கு இன்னொரு தடை, ராத்திரி வீடு திரும்புவது. பாடம் முடிந்தாலும் அண்ணனோ தம்பியோ கூட்டிப்போக வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் புதுக்கோட்டைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியதோடு, பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். சைக்கிள் ஒரு கொண்டாட்டமாகப் பேசப்பட்டது. எனக்கு அது ஆளைத் தக்கவைக்கிற வேலையாகத்தான் பட்டது.

எல்லாரையும் தக்கவைத்தேன் என்று சொல்ல வரவில்லை. கல்யாணத்தோடு போட்டி போட முடியாது. அந்தக் கோயில் மண்டபத்துப் பெண்ணும் இரண்டாம் புத்தகம் பாதியில் இருக்கும்போது வாக்கப்பட்டுப் போனாள். மையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. மூன்றாம் வாரம் அவள் தங்கை பெயர் கொடுக்க வந்தாள். நோட்டு, சாக்பீஸ் எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். "அதெல்லாம் இருக்கட்டும்ணே, சிம்னி ரெண்டு வேணும். அக்கா சொல்லிட்டுத்தான் போச்சு" என்றாள்.