மெழுகுக் கதை

"அந்தக் கதையை எடுத்துவிட்டால் பேச்சில் என்ன மிச்சம், டீச்சர்?" என்று சேர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அதை மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. "பிழையானது இருக்கிறதைவிட ஒன்றுமே இல்லாமல் இருக்கிறது நல்லது, சேர்" என்றேன். ஓய்வறையில் வேறு இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர் மறுமொழி சொல்லாமல் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆங்கில தினப் பேச்சுப் போட்டிக்காகப் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்திக்கு அவர் எழுதிக் கொடுத்தது அது. நேர்மையைப் பற்றிய பேச்சு. 'சின்சியர்' என்ற சொல்லின் பிறப்பில் தொடங்கியிருந்தார். ரோமானியச் சிற்பிகள் சிலர் பளிங்கில் விழுந்த வெடிப்பை மெழுகால் அடைத்து, குறையே தெரியாதபடி தேய்த்து விற்றார்கள். வெயில் ஏறியதும் மெழுகு உருகிச் சிலையின் மூக்கு கழன்று விழுந்தது. நாணயமான சிற்பிகளோ 'சினே கேரா', அதாவது மெழுகு அற்றது, என்று எழுதி வைத்து விற்றார்கள். அந்த இரண்டு சொற்களும் ஒட்டிப் பிறந்ததே சின்சியர். கோட்டுத்தாளில் சாய்ந்த கூட்டெழுத்தில் நீல மையால் எழுதப்பட்டிருந்த அந்தப் பத்தியைப் பென்சிலால் வளைத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டவள் நான்.

கதை எனக்குப் புதிதல்ல. ஆறாம் தரத்தில் இதே சேர் இதே கதையை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலத்துக்கென்று தனி ஆசிரியர் இல்லாத காலத்தில், கையில் கிடைத்த பழைய வாசிப்புப் புத்தகங்களைக் கொண்டு தானே கற்று எங்களுக்கும் கற்பித்தவர் அவர். நான் ஆங்கில ஆசிரியையாக அதே பாடசாலைக்கு வந்து சேர்ந்தது அவருக்குப் பெருமை என்பதும் எனக்குத் தெரியும். தனியாக இருக்கும்போது "மகள்" என்றுதான் கூப்பிடுவார். அன்று "டீச்சர்" என்றார்.

பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் படித்தபோதுதான் அந்தக் கதை என்னிடம் உடைந்தது. சின்சியர், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல். அதன் மூலமான 'சின்கேருஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுத்தமானது, கலப்பற்றது, முழுமையானது என்று பொருள். அதன் முற்பகுதி ஒன்று என்பதைக் குறிக்கும் வேரிலிருந்தும் பிற்பகுதி வளர்தலைக் குறிக்கும் வேரிலிருந்தும் வந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதாவது, ஒன்றாகவே வளர்ந்தது, வேறொன்று சேராதது. ஆரம்பத்தில் அந்தச் சொல் மனிதருடைய மனத்துக்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் வழங்கியிருக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், பேதுருவின் முதலாம் நிருபத்தில், பாலுக்கு அடைமொழியாக வருகிறது சின்சியர். அதே இடத்தில் நம்முடைய தமிழ் வேதாகமம் 'களங்கமில்லாத ஞானப்பால்' என்கிறது. கழிவுத்தூள் கலக்காத தேயிலையைக் கையில் அள்ளி முகர்ந்தே அடையாளம் காணும் நம் ஊர்க்காரருக்கு, இந்தப் பழைய பொருளை விளங்கப்படுத்த எந்தச் சிலையும் தேவையில்லை.

இதையெல்லாம் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது ஒரு வாக்கியம். அதுவும் மற்றவர்களுக்கு முன்னால். ஆனால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மட்டும் வேறாக இருந்திருக்குமா? மற்றவர் முன்னால் சொன்னதால்தான் அவருக்கு நொந்தது என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அப்படியானால் குறை என் பழக்கவழக்கத்தோடு நின்றுவிடுகிறது. திருத்தியதே தேவைதானா என்ற கேள்வி வரை போக வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை என்னை விடவில்லை. திருத்திய பேச்சைக் கையில் கொடுத்தபோது, "அப்ப சேர் பொய்யா சொன்னாரு, டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்ல. சேர் நம்பித்தான் சொன்னாரு."

"நம்பிச் சொன்னா அது சின்சியர்தானே?"

"முதல்ல இதப் பாடமாக்கு" என்றேன்.

அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். உள்ளத்தில் உள்ளதைக் கலப்பில்லாமல் சொல்வதே சின்சியர் என்றால், சேர் அன்றும் அதற்கு முன்னும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தகவல் பிழை, சொன்ன மனம் பிழையில்லை. 'தன்னெஞ் சறிவது பொய்யற்க' என்று குறள் தடுப்பதும் நெஞ்சு அறிந்ததைத்தான், அறியாததை அல்ல. மெழுகுக் கதை பொய் என்று அவருடைய நெஞ்சுக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகுதான் தெரியும். அந்த நிமிடம் வரை குற்றமில்லாமல் சொல்லிவந்த ஒன்றை, இனிச் சொன்னால் பொய்யாகிவிடும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டவள் நான் அல்லவா? அதற்காக, தெரிந்தும் பேசாமல் இருந்து அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றியிருந்தால், நெஞ்சறிந்த பொய் என்னுடையதாகியிருக்கும். இப்படிக் கணக்குப் பார்த்தால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கணக்கு ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே முடிவதுதான் சந்தேகத்தைத் தருகிறது.

இன்னுமொன்று. ஆறாம் தரத்தில் அவர் கதை சொன்ன விதத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். மெழுகு பூசுவார்களாம், வெயிலுக்கு உருகுமாம், மூக்கு கழன்று விழுமாம் என்றுதான் சொன்னார். தமிழில் அந்த 'ஆம்' ஒரு பெரிய காப்பு. நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்ற ஒப்புதல் வினைமுற்றின் வாலிலேயே வந்துவிடுகிறது; சொல்பவரும் பொய்யர் ஆவதில்லை, கேட்பவரும் ஏமாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வால் அறுந்து, எல்லாம் நடந்தே முடிந்த சரித்திரமாகிவிட்டது. நான் பென்சிலால் வளைத்தது அந்த ஆங்கிலத்தை. 'என்று ஒரு கதை உண்டு' என்று தொடக்கத்தில் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றாமல் இல்லை. கதை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அதையே சொற்பிறப்புக்குச் சான்றாகக் காட்டுவது இன்னொரு வகை மெழுகு என்று அப்போது பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது.

வலய மட்டப் போட்டியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கதை இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்பது இங்கே கேள்வியே அல்ல.

சாதாரண தர வகுப்பில் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது இதே சொல் ஒவ்வொரு வருடமும் வருகிறது. பெயர் சொல்லி விளித்தால் முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி', 'டியர் சேர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. மாறிப் போட்டால் புள்ளி குறையும். எழுதுகிறவருடைய மனத்தில் என்ன இருக்கிறது என்று எந்தப் பரீட்சகரும் கேட்பதில்லை. தமிழில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது நாமும் கேட்டுக்கொள்வதில்லை. இந்த வழக்கத்தைச் சலனமில்லாமல் கற்பிக்கும் எனக்கு, பிள்ளைகள் கண் விரியக் கேட்ட ஒரு கதை மட்டும் ஏன் பொறுக்க முடியாமற் போயிற்று?

இந்த வருடம் அவருடைய வகுப்பில் அந்தச் சொல் வந்தபோது, பொருளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாராம். கேட்டதும், அகராதியை எடுத்து மறுபடியும் தேடினேன். மெழுகு விளக்கம் நேற்று யாரோ கட்டிவிட்டதல்ல. நான்காம் நூற்றாண்டின் இலத்தீன் இலக்கண ஆசிரியர் தோனாத்துஸ், மெழுகு நீங்கிய தேனைப் போன்றது என்று இந்தச் சொல்லை விளக்கியிருக்கிறார். அவருடைய உரையில் சிலையும் இல்லை, சிற்பியும் இல்லை, மெழுகு இருக்கிறது. சொல்லின் பிறப்பு அதனால் மாறிவிடாது. ஆனால் சேர் தனியாக நின்று பிழைவிட்டவர் அல்லர். பதினாறு நூற்றாண்டு வயதான ஒரு பிழையின் வரிசையில் நின்றவர்.

இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சமாதானம் பேச வந்ததாக எடுத்துக்கொள்வாரோ, மறுபடியும் திருத்த வந்துவிட்டாள் என்று நினைப்பாரோ தெரியாது. அவர் ஓய்வுபெற இன்னும் ஒரு தவணை இருக்கிறது.